கடலுக்கு அண்ணன் வெட்டிய கான்

தோட்டமே 'கான்காரர்' என்று கூப்பிட்ட என் செல்ல அண்ணனுக்கு,

இன்று காலைதான் றொசல்ல ரயில் நிலையத்தில் வந்து இறங்கினேன். நாளை உங்கள் முதல் திதி. அண்ணி காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போயிருக்கிறார், அரைநாளோடு வந்துவிடுவதாகச் சொன்னார். லயத்து வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். உங்கள் மம்பட்டி கதவுக்குப் பின்னால் அதே இடத்தில் நிற்கிறது. துருப்பிடிக்காமல் அண்ணி எண்ணெய் தடவி வைத்திருக்கிறார்.

போன மார்கழியில் நீங்கள் போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அடுத்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். அந்தப் பதிலைத்தான் இப்போது கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். நீங்கள் மட்டும் எந்தக் கதையையாவது சுற்றி வளைக்காமல் சொல்லியிருக்கிறீர்களா?

இந்தக் கடிதத்தை வேறு பலரும் படிக்கப் போகிறார்கள் அண்ணே. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் நான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெருமையைத்தானே பேசப் போகிறேன், அதைக் கேட்க உங்களுக்கு என்றைக்கு அலுத்தது?

தேயிலை மலையைப் பார்க்க வருகிறவர்கள் பச்சையைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். செடிகளுக்கு இடையில் மலையின் குறுக்கே ஓடும் கான்கள், அந்த வெட்டுவாய்க்கால்கள், யார் கண்ணிலும் படுவதில்லை. மழை கொட்டும்போது தண்ணீர் தலைதெறிக்க இறங்கி மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் அதைப் பக்கவாட்டில் திருப்பி, மெல்ல நடத்திக் கூட்டிப் போகிறவை அந்தக் கான்கள்தான். கானுக்குள்ளே இடைவெளி விட்டு இடைவெளி விட்டு வெட்டாத மண்ணைத் தடுப்பாக நிறுத்தி வைப்பீர்கள். தண்ணீர் அங்கே தங்கும், மண் அடியில் படியும், தெளிந்த நீர் மட்டும் தடுப்பைத் தாண்டிப் போகும். "நான் வெட்டுன கான்ல தண்ணி நின்னு கும்புட்டுட்டுத்தான் போகும்" என்று நீங்கள் சொல்லாத ஆள் இந்தத் தோட்டத்தில் கிடையாது. அண்ணியைப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். அண்ணியே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நான் படித்தது மரம், செடி, மண். வேலை கிடைத்ததோ மூதூர்ப் பக்கம், கடலோரத்தில். உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல்காடுகள் அழிந்துபோன இடங்களில் அவற்றை மறுபடி எழுப்புகிற வேலை. இதை எல்லோருக்கும் எப்படி விளக்குவது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். "என் தங்கச்சி கடலுக்குக் கண்டாக்கு." தோட்டத்தில் கண்டாக்கு என்றால் மலைக்கு மலை போய் வேலையைச் சரிபார்க்கிற அதிகாரி. இடுப்பில் கைவைத்துக்கொண்டு கடலலைகளை நான் அதட்டுவதாக வட்டவளைக் கடைத்தெரு வரைக்கும் நம்பிவிட்டார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்ட இடத்தை நீங்கள் முதன்முதலில் பார்த்தபோது உங்கள் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கடல்நீர் உள்ளே வந்து பரந்து கிடக்கும் களப்போரமாக ஒரு பெரிய வெட்டவெளி. முன்பு அது கண்டல்காடு. யாரோ காட்டை வெட்டி, சுற்றிலும் கரை கட்டி, இறால் வளர்த்தார்கள். இறாலுக்கு நோய் வந்ததும் போட்டது போட்டபடி போய்விட்டார்கள். கரை மட்டும் நின்றது. கடல்தண்ணீர் உள்ளே வர வழியில்லாமல் சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, மேலே உப்புப் பூத்துக் கிடந்தது. பிறகு வந்தவர்கள் அதில் கண்டல் கன்றுகளை வரிசையாக நட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கன்றுகூடத் தப்பவில்லை. ஊன்றிய குச்சிகள் மட்டும் நின்றன.

அந்த நிலம் ஊர் மீனவர் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. சங்கத்தில் பாதிப் பேர் அதை மறுபடி இறால் பண்ணைக்காரர்களுக்கே குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். சங்கத் தலைவர் அசன் நானாதான் (அங்கே அண்ணனை நானா என்பார்கள்) எங்களுக்காகப் பேசித் தவணை வாங்கித் தந்தார். ஒரு மாரி, ஒரு கோடை. அதற்குள் அங்கே காடு தலைகாட்டினால் நிலம் காட்டுக்கு, இல்லாவிட்டால் குத்தகைக்கு. பண்ணை திரும்ப வந்தால் அடிச்சேறு வரைக்கும் தோண்டிவிடுவார்கள். நான் பயந்தது அதற்குத்தான்.

அந்தச் சேற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்களும் கேட்டீர்கள். இரும்புக் குழாயைச் சேற்றுக்குள் அழுத்தி இறக்கி, மெதுவாக வெளியே இழுத்து உங்களிடம் காட்டினேன். மேலே சாம்பல் நிறம். கீழே போகப் போகக் கன்னங்கரேலென்று இருந்தது, உள்ளே நார் நாராக வேர்கள். கண்டல் மரம் காற்றிலிருந்து எடுக்கும் காபன், அதாவது கரி, இலையாகவும் வேராகவும் ஆகிறது. அவை விழுந்து புதைகிற சேற்றில் காற்று புகாததால் லேசில் மக்குவதில்லை. தலைமுறை தலைமுறையாக அப்படியே கிடக்கும். சேற்றைக் காயவிட்டாலும் தோண்டிப் போட்டாலும் அத்தனையும் மக்கிக் காற்றோடு போய்விடும், உலகம் இன்னும் சூடாகும். கட்டையை ஈரத்தில் புதைத்தால் அப்படியே கிடக்கிறது, வெயிலில் போட்டால் உளுத்துப்போகிறது, அது மாதிரியா என்று கேட்டீர்கள். கிட்டத்தட்ட அதேதான் என்றேன்.

அடியிலிருந்த ஒரு வேரை விரலில் எடுத்துப் பார்த்தீர்கள். நம் ஆட்கள் கப்பலேறி இந்த மலைக்கு வருவதற்கு முன்பே அந்த மரம் அங்கே நின்றிருக்கும் என்று சொன்னேன். வேரைக் கீழே போடாமலே கேட்டீர்கள்.

"யாரு நட்டது பாப்பா?"

"யாரும் நடலண்ணே. தண்ணி கொண்டாந்து போட்டது."

அது உங்களுக்குப் பிடிக்கவே இல்லை. நடாமல் ஒரு காடா? தேயிலை மலையில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு கை உண்டு. இந்த மலை யாருடைய அப்பன் நட்டது, அந்த மலை யாருடைய ஆத்தா நட்டது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். முருகையா அண்ணனும் மற்றவர்களுமாக உங்கள் கான் வெட்டும் செட்டுடன் கண்டி போய், திருகோணமலை பஸ் பிடித்து, மம்பட்டிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கியவுடன் நீங்கள் முதலில் கேட்டதே "கன்னு எங்க?" என்றுதான். கன்று இல்லை, கான் வெட்டத்தான் கூப்பிட்டேன் என்றபோது, தங்கச்சிக்கு வெயில் தலைக்கேறிவிட்டதோ என்பதுபோல முருகையா அண்ணனைப் பார்த்தீர்கள்.

தண்ணீருக்கு வழி திறந்துவிட்டால் போதும், விதையைக் கடலே கொண்டுவரும் என்பது என் கணக்கு. இயந்திரம் இறங்கினால் அந்தச் சேறு தாங்காது. கையால்தான் வெட்ட வேண்டும், அதுவும் வாட்டம் பிசகாமல். அங்கே கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் நடுவில் முழங்கால் அளவுகூட வித்தியாசம் கிடையாது. ஒரு விரற்கடை தவறினாலும் தண்ணீர் வராது. அப்படி வெட்டக்கூடியவர்கள் யார் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தபோது, எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. வாய் திறந்து "எங்கண்ணன்" என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த திமிரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஊரில் சிலர் சிரித்தார்கள். தேயிலை நடுகிற ஆட்களுக்குக் கடலில் என்ன வேலை என்று தேநீர்க் கடையில் பேசியது உங்கள் காதிலும் விழுந்தது. மறுநாள் சேற்றில் கயிறு கட்டி, கண்ணால் வாட்டம் பிடித்து, வெட்டத் தொடங்கினீர்கள். கரையை உடைத்து, தாய்க் கான் ஒன்று, அதிலிருந்து கிளைக் கான்கள். ஓரம் சீவியது தச்சன் இழைத்ததுபோல இருந்தது. சிரித்தவர்களே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெருக்கு ஏறியதும் கடல்தண்ணீர் உள்ளே வந்தது. எத்தனையோ வருசம் கழித்து அந்த மண் நனைந்தது. நாங்கள் எல்லோரும் கரையில் நின்று கைதட்டினோம். நீங்கள் மட்டும் தட்டவில்லை. இதெல்லாம் ஒரு வேலையா என்கிற மாதிரி பீடி பற்றவைத்தீர்கள்.

நான் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அசன் நானா கரையிலேயே காத்திருந்தார். சத்தம் போடவில்லை, குரலைத் தணித்துத்தான் சொன்னார். "தங்கச்சி, ஒங்கட நானா வெட்டின கான்ல தண்ணி வருது. வந்த தண்ணி திரும்பிப் போகல்லியே."

வற்று நேரத்தில் போய்ப் பார்த்தேன், கைதட்டிய அன்றைக்குத் தண்ணீருக்கடியில் என் கண்ணில் படாதது தெரிந்தது. தாய்க் கானிலும் கிளைக் கான்களிலும் இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, அளவெடுத்ததுபோல, மண்தடுப்புகள். நீங்களும் செட்டும் வாழ்நாள் முழுக்கச் செய்ததைத்தான் அங்கேயும் செய்திருந்தீர்கள். யாரும் சொல்லத் தேவையில்லாமல் உங்கள் கைகளே செய்துவிட்டன. கடல் ஏறும்போது தண்ணீர் தடுப்புகளைத் தாண்டி உள்ளே வந்தது. இறங்கும்போது தடுப்புகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வெயிலில் கொதித்து, பச்சை பிடித்து, நாறத் தொடங்கியிருந்தது. உலகத்தில் வேறு யாராலும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது அண்ணே. இத்தனை அழகான ஒரு தவறை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தடுப்புகளை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னதும் உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணிய ஓட விட்டா மண்ணு போயிரும் பாப்பா. மண்ணு போனா மலை போச்சு" என்றீர்கள். இது மலை இல்லை, இங்கே தண்ணீர் வரவும் வேண்டும், போகவும் வேண்டும், அது மூச்சு விடுகிற மாதிரி என்றேன். நீங்கள் போய்க் கரையில் உட்கார்ந்துகொண்டீர்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. வற்று இறங்கும் வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு தடுப்புக்குப் பின்னால் மீன்குஞ்சுகள் வாயை மேலே தூக்கித் தூக்கித் தவித்தன. எழுந்தீர்கள். மம்பட்டியை எடுத்தீர்கள். செட்டில் யாரும் உங்கள் தடுப்பில் கைவைக்கத் துணியவில்லை, நீங்களே முதலாவதை உடைத்தீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்ல வந்தது. உடைத்த மண்ணை நீங்கள் வீசி எறியவில்லை. மலையில் எப்படியோ அப்படியே ஒவ்வொரு தடுப்பின் மண்ணையும் மேலே ஏற்றி, கான் ஓரமாக வைத்து, மம்பட்டியின் முதுகால் தட்டித் தட்டிச் சின்னச் சின்னத் திட்டாக்கினீர்கள். முருகையா அண்ணன் கேலி செய்தார்.

"அண்ணே, இங்க கண்டாக்கையா பாக்க வரமாட்டாரு."

"நான் பாக்குறேன்ல" என்றீர்கள்.

அவ்வளவுதான். குனிந்து அடுத்த திட்டைத் தட்டினீர்கள். அதை நான் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அண்ணனுடைய பழக்கம் என்று விட்டுவிட்டேன். தண்ணீர் வந்தது, போனது. நாற்றம் நின்றது. நீங்கள் ஊர் திரும்பினீர்கள். பஸ் ஏறும்போது அசன் நானா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதும், நீங்கள் வெட்கப்பட்டதும் எனக்குப் புதுமையாக இருந்தது. என் அண்ணன் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மாரி தொடங்கியது. நீங்கள் விடாமல் போன் எடுத்தீர்கள். சுகமா என்று கேட்பதற்கு முன்னால் கேட்டது ஒன்றுதான்.

"மொளைச்சிருச்சா பாப்பா?"

"இன்னும் இல்லண்ணே."

உங்களை அது எவ்வளவு வாட்டியது என்று அண்ணிதான் பிறகு சொன்னார். மலையிலும் கேட்டிருக்கிறார்கள், கன்றே நடாமல் கடலில் என்னத்தை வெட்டிவிட்டு வந்தாய் என்று. உங்கள் வேலை பழுது என்று யாரும் சொல்லி அதுவரைக்கும் நீங்கள் கேட்டதே இல்லையே. கடைசியாக நாம் பேசிய நாளிலும் அதே கேள்வி. சேறு முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்துதான் இல்லை என்றேன். "சரி பாப்பா, தண்ணி வருதுல்ல, வரட்டும்" என்று வைத்துவிட்டீர்கள். எனக்கு ஆறுதல் சொன்னீர்களா, உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்களா?

உங்களைக் குழிக்குள் வைத்துவிட்டு நான் கடலுக்குத் திரும்பியபோது மழை விட்டிருந்தது. யாரிடமும் பேசப் பிடிக்காமல் நேராகக் கானுக்குத்தான் போனேன். உங்கள் திட்டுகளில் ஒன்றின்மேல் இரண்டு தடித்த இலைகள் பச்சையாக நின்றன. அடுத்த திட்டில் நாலைந்து. அதற்கடுத்ததில் எண்ண முடியவில்லை, கண்ணில் தண்ணீர். அங்கே கண்ணா என்று ஒரு கண்டல் மரம் உண்டு, அதன் விதை அவரைக்கொட்டை மாதிரி மிதந்து வரும். வெறும் சேற்றில் ஒதுங்கியவற்றை அடுத்த பெருக்கு வாரிக்கொண்டு போயிருந்தது. உங்கள் திட்டுகள் ஒரு கையளவு உயரம். அங்கே தட்டி நின்றவை மட்டும் வேர் பிடித்துவிட்டன. நீங்கள் கடைசியாகக் கேட்டபோதே ஏதோ ஒரு திட்டில் வேர் இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அப்போதே ஓடிவந்து உங்கள் குழிமேட்டில் சொல்லியிருப்பேன். முளைத்ததெல்லாம் நிற்பதில்லை என்று எனக்குத் தெரியும். கோடை தாண்டட்டும், சங்கம் பார்க்கட்டும் என்று பொறுத்தேன். கோடையும் வந்தது, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று மண்ணை வாரி அடித்தது. சில திட்டுகளில் கருகின. மற்றவை நின்றன. திட்டுகளுக்கு நடுவிலும் புதிதாக முளைத்தன. சேற்றுக்குள்ளிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்கள் எழும்பின. நண்டு வளை தோண்டியது. பிறகு சங்கத்தார் எல்லோரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, தாய்க் கான் நெடுக நடந்தார்கள். குத்தகை கேட்ட பாதிப் பேரும்தான். முழங்காலளவு கண்ணாக்களை ஒதுக்கிக்கொண்டு நடந்தவர்கள் கரைக்கு வந்ததும், அசன் நானா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மலைநாட்டார்ட கான் இரிக்கட்டும்."

நிலம் காட்டுக்கே போய்விட்டது அண்ணே. இனி அதை யாரும் தோண்ட மாட்டார்கள். அந்த இடத்துக்கு இப்போது பெயரே 'மலைநாட்டார்ட கான்'தான். மீன்பிடிக்கப் போகிறவர்கள் தோணியை எங்கே கட்டினாய் என்று கேட்டால் அப்படித்தான் சொல்கிறார்கள். சேறு நனைந்தபடி இருக்கிறது, அடியிலுள்ள கறுப்பு பத்திரமாக இருக்கிறது. மேலே புதிதாகச் சேர நிறையக் காலம் எடுக்கும், அதை நான் பூசி மெழுக மாட்டேன். நாம் யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் என்றைக்காவது ஒருத்தி அங்கே குழாயை இறக்கி, ஒரு வேரை எடுத்துப் பார்த்து, இதை யார் நட்டது என்று கேட்பாள். யாரும் நடவில்லை என்றுதான் அவளுக்கும் பதில் கிடைக்கும். திட்டைத் தட்டி வைத்த கை யாருடையது என்று தெரிந்த எனக்கு மட்டும் சிரிப்பு வருகிறது.

இங்கேயும் ஒரு செய்தி. இந்த முறை மழை பேய்மழை. பக்கத்து மலைகளில் மண் சரிந்தது. நாலாம் நம்பர் மலை, உங்கள் மலை, அசையவில்லை. காலையில் வரும் வழியில் இறங்கிப் பார்த்தேன். தடுப்புக்குத் தடுப்பு மண் படிந்து, தண்ணீர் தெளிவாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் மகாவலியில் சேர்ந்து, அத்தனை அணைகளையும் கடந்து, கடைசியில் கொட்டியாரக் குடாவில், உங்கள் இன்னொரு கானுக்குப் பக்கத்தில்தான் கடலைத் தொடுகிறது. நீங்கள் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருசம் பேசியிருப்பீர்கள்.

அசன் நானா உங்கள் படையலுக்கென்று ஒரு பொட்டலம் காய்ந்த இறால் கொடுத்தனுப்பினார். கான் வாயில் அவரே வீச்சுவலை போட்டுப் பிடித்தது. பண்ணை வைத்து வளர்த்தபோது செத்துப்போன இறால், வழியைத் திறந்துவிட்டதும் தானாக வந்திருக்கிறது. அண்ணி நாளைக்குக் கத்தரிக்காயோடு போட்டுக் குழம்பு வைக்கப் போகிறார்.

சங்கம் இன்னொரு வெட்டவெளியையும் கொடுத்திருக்கிறது. தை பிறந்ததும் முருகையா அண்ணன் செட்டோடு வருகிறார். உங்கள் மம்பட்டியைக் கொடுத்துவிட அண்ணி சம்மதித்துவிட்டார். கானில் ஒரு தடுப்பும் இருக்காது, அதை நான் பார்த்துக்கொள்வேன். வெட்டியெடுக்கும் மண் ஒரு பிடிகூட வீணாகாமல் ஓரத்தில் திட்டுத் திட்டாகத் தட்டி வைக்கப்படும், அதையும் பார்த்துக்கொள்வேன். பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று முருகையா அண்ணன் மறுபடி கேலி செய்தால், சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும்.

மொளைச்சிருச்சுண்ணே. நீங்க நிம்மதியா இருங்க. இனி நான் பாக்குறேன்ல.

உங்கள் பாப்பா,
கடலுக்குக் கண்டாக்கு